இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே பாலேவும் நவீன நடனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு, நண்பர்கள் சிலர் கூடி பழைய நடனப் பதிவுகளைப் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். பரதம் கற்றவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் சும்மா வேடிக்கை பார்க்க வருபவர்கள். கொஞ்ச நாளாக 1918-க்கும் 1939-க்கும் இடைப்பட்ட ஐரோப்பிய, அமெரிக்க நடனங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். புதிதாக ஒருவர் வரும்போதெல்லாம் அதே கேள்விகள். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைக்கிறேன்.

பாலேவுக்கும் நவீன நடனத்துக்கும் என்ன வித்தியாசம்? மாடர்ன் டான்ஸ் என்றால் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதுதானே?

இல்லை. இங்கே நவீன நடனம் என்பது பாலேவை மறுத்துப் பிறந்த ஒரு மேடைக் கலை. பாலே தரையை விட்டு எழும்பப் பார்க்கும். நவீன நடனம் தரையோடு மல்லுக்கட்டும். பாலேவை பிரெஞ்சு அரசவை முறைப்படுத்தியது, ரஷ்ய ஜார்களின் காலம் மெருகேற்றியது. கால்களுக்கு ஐந்து அடிப்படை நிலைகள், நுனிக்காலில் நிற்பதற்கென்றே செய்த காலணி, உடம்புக்கு எடையே இல்லையோ என்று நினைக்கவைக்கும் ஆட்டம். அமெரிக்கரான இசடோரா டங்கன் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தக் காலணியையும் இடுப்பை இறுக்கும் உடையையும் தூக்கிப் போட்டுவிட்டு வெறுங்காலில் ஆடினார்.

இதைச் சொன்னதும் எங்கள் பரதக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். "வெறுங்காலில் ஆடுவதெல்லாம் ஒரு புரட்சியா?" அரைமண்டியில் உட்கார்ந்து தட்டடவு பழகியவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் பாலே ஒன்றே நடனம் என்று இருந்த ஊரில், கீழே விழுவதையும் தரையில் உருள்வதையும் மேடையேற்றியது சின்ன விஷயமில்லை.

ஏன் இந்த 20 ஆண்டுகளை மட்டும் பிரித்துப் பார்க்கிறீர்கள்?

ஆடுகிறவர்கள் எல்லாரும் இடம் மாறிக்கொண்டே இருந்த காலம் அது. 1917 புரட்சிக்குப் பிறகு ரஷ்ய நடனக்காரர்கள் பாரிஸுக்கு ஓடினார்கள். 1933-க்குப் பிறகு ஜெர்மானியர்கள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் ஓடினார்கள். ஒவ்வொருவரும் கையில் கொண்டுபோனது உடம்பில் இருந்த பயிற்சியை மட்டும்தான். நியூயார்க்கிலும் லண்டனிலும் இன்று இருக்கும் பெரிய நடனக் குழுக்களில் பலவற்றுக்கு வேர் இந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது.

டியாகிலெவ் என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, அவர் பெரிய டான்ஸரா?

ஆடவே மாட்டார்! செர்கேய் டியாகிலெவ் சட்டம் படித்தவர். இசையமைப்பாளராக ஆசைப்பட்டு, அது உனக்கு வராது என்று ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி கோர்சகோவிடமே கேட்டுத் திரும்பியவர். பிறகு ஆட்களைச் சேர்ப்பதே தன் கலை என்று கண்டுகொண்டார். 1909-இல் பாரிஸில் அவர் இறக்கிய ரஷ்யக் குழுதான் பாலே ருஸ். பெயரில்தான் ரஷ்யா. அந்தக் குழு ரஷ்ய மண்ணில் ஒரு முறைகூட ஆடியதில்லை. இசைக்கு ஸ்ட்ராவின்ஸ்கி, திரைச்சீலைக்கு பிக்காசோ, உடைக்கு கோகோ ஷனேல் என்று நீளும் பட்டியலைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்கு நல்ல சமையல்காரர், நல்ல நாதஸ்வரம் என்று தேடிப் பிடிக்கும் மாமா ஒருவர் நினைவுக்கு வருவார். பணம் மட்டும் எப்போதும் கையில் இருக்காது. 1921-இல் லண்டனில் 'தூங்கும் இளவரசி'யைப் பிரம்மாண்டமாக நடத்திக் கடனில் மூழ்கினார். அரங்கப் பொருள்களையே அரங்க உரிமையாளர் பிடித்து வைத்துக்கொண்டார்.

அந்தக் குழுவின் கடைசிப் பத்தாண்டில் என்னைக் கேட்டால் 'லெ நோஸ்'தான் உச்சம். தலைப்புக்குப் பொருள் திருமணம். 1923 ஜூனில் பாரிஸில் முதல் காட்சி. அமைத்தவர் புரோனிஸ்லாவா நிஜின்ஸ்கா. ரஷ்யக் கிராமத்துக் கல்யாணம் என்றால் ஜரிகையும் கும்மாளமும் எதிர்பார்ப்போம். இங்கே எல்லாருக்கும் பழுப்பும் வெள்ளையும்தான் உடை. நான்கு பியானோ, தாளக் கருவிகள், பாடகர்கள். மணப்பெண்ணுக்கு ஆள் உயரப் பின்னல். தோழிகள் அதைக் கயிறுபோல் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு கட்டத்தில் பெண்களின் தலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு கோபுரமாகும், உச்சியில் மணப்பெண்ணின் முகம். அதில் சந்தோஷம் துளியும் இல்லை. நுனிக்காலில்தான் ஆடுகிறார்கள், ஆனால் மிதப்பதற்கு அல்ல; தரையைக் குத்துவதற்கு. பாலேவையே பாலேவுக்கு எதிராகத் திருப்பியவர் அவர். பாலே ருஸின் நட்சத்திர ஆட்டக்காரரான அண்ணன் நிஜின்ஸ்கியின் புகழில் தங்கையின் பெயர் நெடுநாள் அமுங்கிக் கிடந்தது அநியாயம்.

டியாகிலெவ் 1929 ஆகஸ்டில் வெனிஸில் இறந்தார். குழுவும் அத்தோடு கலைந்தது.

அந்த அண்ணன் நிஜின்ஸ்கிக்கு என்ன ஆயிற்று?

1919 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் மோரிட்ஸில் ஓர் ஓட்டலில் கடைசியாகப் பொதுவில் ஆடினார். விருந்தினர்கள் முன்னால் ஒரு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து வெகுநேரம் வெறித்துப் பார்த்தார், பிறகு போரை ஆடப்போகிறேன் என்று எழுந்தார். அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. அதன்பின் மனநோய், மருத்துவமனைகள். 1950-இல் லண்டனில் இறந்தார்.

இசடோரா டங்கன் சால்வையால் இறந்தது நிஜமா?

நிஜம்தான். 1927 செப்டம்பர், நீஸ் நகரம். கழுத்தில் சுற்றியிருந்த நீண்ட பட்டுத்துணி காரின் சக்கரத்தில் சிக்கியது. இந்த ஒரு செய்தியை மட்டும் எல்லாரும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அவர் 1921-இல் மாஸ்கோவுக்குப் போய்க் குழந்தைகளுக்கு நடனப் பள்ளி தொடங்கியது பலருக்குத் தெரியாது.

ஜெர்மனியில் அப்படி என்ன நடந்தது?

போரில் தோற்று, அரசு கவிழ்ந்து, பணம் காகிதமாகிப்போன நாட்டில் அழகான இளவரசிக் கதைகளை யார் பார்ப்பார்கள்? அங்கே எழுந்ததை 'வெளிப்பாட்டு நடனம்' என்று சொல்லலாம். மையமான பெயர் மேரி விக்மன். 1920-இல் டிரெஸ்டனில் பள்ளி தொடங்கினார். அவருடைய 'சூனியக்காரி நடனம்' 1914-இல் பிறந்து 1926-இல் புது உரு எடுத்தது. படம்பிடித்த ஒரு துண்டு மட்டும் மிச்சம், ஓரிரு நிமிடம். எங்கள் வீட்டில் அதை நாலு தடவை ஓட்டிப் பார்த்தோம்.

அவர் எழுந்தே நிற்பதில்லை. முகமூடி அணிந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார். கைகள் முகத்தை மூடி, விரல்கள் நகம்போல் விரிகின்றன. முழங்கால்களைப் பிடித்துப் பிளக்கிறார். உட்கார்ந்த வாக்கிலேயே பாதங்களால் தரையை அடித்தபடி சுழல்கிறார். மெல்லிசை எதுவும் இல்லை, தாளம் மட்டும். எங்களோடு பார்த்த ஒரு பாட்டி, "சாமி வந்த மாதிரி இருக்கு" என்றார். விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் நாலு சொல்லில் முடித்துவிட்டார்.

விக்மனின் ஆசிரியர் ருடால்ஃப் லாபான். அசைவை ஆராய்ந்து, 1928-இல் நடனத்தை எழுதிவைப்பதற்கு ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டவர். பாட்டுக்கு ஸ்வரம் எழுதுவதுபோல எந்த அங்கம், எந்தத் திசை, எவ்வளவு நேரம் என்று நெடுக்குக் கோடுகளில் எழுதலாம். இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது.

'பச்சை மேசை'யை ஏன் இவ்வளவு புகழ்கிறீர்கள்?

பார்த்தால் நீங்களும் புகழ்வீர்கள். லாபானின் மாணவர் கூர்ட் யோஸ் அமைத்தது. 1932 ஜூலையில் பாரிஸில் ஒரு சர்வதேச நடன அமைப்புப் போட்டி நடந்தது; எஸ்ஸன் நகரிலிருந்து வந்த இந்தக் குழு முதல் பரிசை அள்ளிக்கொண்டு போனது.

திரை விலகுகிறது. பச்சைத் துணி விரித்த நீள மேசை. பக்கத்துக்கு ஐவராகக் கறுப்புக் கோட்டு ஆசாமிகள் 10 பேர். வெள்ளைக் கையுறை, கிழட்டு முகமூடி. இரண்டு பியானோவில் டாங்கோ ஓடுகிறது. குனிந்து வணங்குகிறார்கள், விரலை நீட்டி வாதாடுகிறார்கள், மேசைமேல் சாய்ந்து முறைக்கிறார்கள், கைதட்டிக்கொள்கிறார்கள். சிரிப்பு வருகிறது. அப்புறம் எல்லாரும் வரிசையாக முன்னால் வந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறார்கள். இருட்டு. வெளிச்சம் வரும்போது மரணம் நின்று ஆடிக்கொண்டிருக்கிறது, ஒரே இடத்தில், இயந்திரம்போல. முதல் காட்சியில் அந்த வேடத்தை ஆடியவர் யோஸே.

பிறகு நடப்பது பிரிவு, போர்க்களம், அகதிகள், எதிர்த்துப் போராடும் பெண், விபசார விடுதி, போரின் கடைசி மிச்சம். ஒவ்வொருவரையும் மரணம் ஒவ்வொரு விதமாகக் கொண்டுபோகிறது என்பதில்தான் யோஸின் கைவண்ணம். வீரனைத் தள்ளிக்கொண்டு போகிறது. வயதான தாயை, பெற்ற மகன்போல மெல்ல அணைத்துக் கைகளில் ஏந்திக்கொள்கிறது. விடுதியில் சிக்கிய இளம்பெண்ணோடு இறுதிவரை ஜோடி சேர்ந்து ஆடுகிறது. இடையிடையே ஒரு தொப்பிக்காரன் ஓடித் திரிவான். செத்தவன் விரலிலிருந்து மோதிரத்தை உருவுகிற போர் வியாபாரி. கடைசியில் அவனும் தப்புவதில்லை. அந்த 10 பேர்தான் தப்புகிறார்கள். திரும்பவும் வெடிச் சத்தம், அதே மேசை, அதே டாங்கோ, அதே வணக்கங்கள். மொத்தம் அரை மணி நேரத்துக்குச் சற்றே மேல்.

பாலேவின் கால் ஒழுங்கும் நவீன நடனத்தின் பாரமும் இதில் ஒரே உடம்பில் இருக்கின்றன. இரண்டும் பரம எதிரிகள் என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் நான் போட்டுக் காட்டுவேன்.

அடுத்த வருடம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். குழுவில் உள்ள யூதர்களை அனுப்பிவிடு என்றார்கள். அவர்களில் இதற்கு இசை எழுதிய ஃப்ரிட்ஸ் கோஹனும் ஒருவர். யோஸ் மறுத்தார். கைதாகும் ஆபத்து நெருங்கவே, 1933-இல் குழுவோடு எல்லை தாண்டி ஹாலந்துக்குப் போனார். அங்கிருந்து இங்கிலாந்தின் டார்டிங்டன்.

அப்படியானால் விக்மனும் லாபானும்? அவர்களும் ஓடினார்களா, இல்லை நாஜிகளோடு சேர்ந்தார்களா?

இந்தக் கேள்விக்குத்தான் எங்கள் கூட்டத்தில் குரல் உயரும்.

நடந்ததைச் சொல்கிறேன். லாபான் 1930 முதல் 1934 வரை பெர்லின் அரசு ஆப்பராவின் பாலே இயக்குநர். நாஜிகள் வந்த பிறகும் பதவியில் இருந்தார், பிரச்சார அமைச்சர் கோயபல்ஸின் அமைச்சகத்துக்காக நடன விழாக்கள் நடத்தினார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி ஏறத்தாழ 1000 பேர் ஆடும் கூட்டு நடனம் ஒன்றை அமைத்தார். ஜூனில் முழு ஒத்திகையைப் பார்க்க வந்த கோயபல்ஸுக்குப் பிடிக்கவில்லை. மிகவும் அறிவுஜீவித்தனமாக இருக்கிறது என்பது அவர் குறை. நடனம் தடை செய்யப்பட்டது. லாபான் ஒதுக்கப்பட்டார், பாரிஸுக்குப் போனார். 1938-இல் கடைசியாகத் தஞ்சம் கிடைத்தது எங்கே தெரியுமா? டார்டிங்டனில். கூட இருந்தவர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்து ஓடிய பழைய மாணவர் யோஸின் நிழலில்.

விக்மன் நாட்டைவிட்டுப் போகவே இல்லை. அதே ஒலிம்பிக் தொடக்க விழா நிகழ்ச்சியில் மாண்டவர்களுக்கான புலம்பல் நடனத்தை அமைத்து ஆடினார். பிறகு அவருக்கும் மதிப்புக் குறைந்தது. 1942-இல் டிரெஸ்டன் பள்ளியை இழந்தார். அமெரிக்காவில் அவர் பெயரில் 1931-இல் பள்ளி தொடங்கிய மாணவி ஹன்யா ஹோம், 1936-இல் பெயர்ப் பலகையிலிருந்து விக்மன் என்பதை எடுத்துவிட்டார்.

ஆட்சி பிறகு அவர்களைக் கைவிட்டது என்பதால் அவர்களை எதிர்ப்பாளர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அழைப்பு வந்தபோது போனார்கள், அதுதான் விஷயம். 'சூனியக்காரி நடன'த்தின் அந்த ஓரிரு நிமிடத்தை இன்னமும் வாய் பிளந்துதான் பார்க்கிறேன் என்பதும் உண்மை.

அந்த ஒலிம்பிக் அழைப்பை மறுத்தவர்கள் உண்டா?

உண்டு. அமெரிக்க நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம். தான் மதிக்கும் கலைஞர்கள் பலர் அங்கே துன்புறுத்தப்படும்போது ஆட முடியாது என்று எழுதினார். அவர் குழுவில் யூதப் பெண்களும் இருந்தார்கள். அதே 1936 டிசம்பரில், பாசிசம் தலைதூக்குவதைப் பார்த்த கோபத்தில் 'குரோனிக்கிள்' என்ற நடனத்தைப் பெண்களை மட்டுமே வைத்து அமைத்தார்.

கிரஹாமின் அடிப்படை எளிது: மூச்சு. மூச்சை விடும்போது வயிறு உள்ளே சுருங்கி முதுகு வளைகிறது, இழுக்கும்போது விரிகிறது. இந்தச் சுருங்குதலும் விரிதலும்தான் அவர் முறையின் இலக்கணம். 1930-இல் ஆடிய 'லாமென்டேஷன்' (புலம்பல் என்று பொருள்) சில நிமிடங்களே. ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். குழாய்போல் தைத்த ஊதாத் துணிக்குள் உடம்பு முழுக்க அடைபட்டிருக்கிறது. முகமும் கைகால் நுனிகளும் மட்டும் வெளியே. உள்ளிருந்து முட்டுகிறார், துணி இழுபடுகிறது, கோணல் கோணலாக மடிப்புகள் விழுகின்றன. அழுகையைக் காட்டும் அபிநயம் எதுவும் இல்லை. துணிதான் அழுகிறது.

டோரிஸ் ஹம்ஃப்ரியையும் சொல்ல வேண்டும். விழுவதும் மீள்வதும்தான் நடனம் என்று ஒரு முறையையே கட்டியவர். இருவரும் டெனிஷான் என்ற பள்ளியில் வளர்ந்து, அதன் கீழைநாட்டு ஜிகினா அலுத்து வெளியேறியவர்கள்.

பாலே அமெரிக்காவுக்கு எப்போது போனது?

முன்பே ரஷ்யக் குழுக்கள் சுற்றிவந்தன. ஆனால் ஊன்றியது 1934-இல். ஜார்ஜ் பாலன்ஷைன் 1924-இல் சோவியத்திலிருந்து வெளியேறி டியாகிலெவிடம் சேர்ந்தவர். லிங்கன் கிர்ஸ்டைன் என்ற பணக்கார வீட்டு இளைஞர் அவரை நியூயார்க்குக்கு வரச்சொன்னபோது, முதலில் பள்ளி வேண்டும் என்றாராம். 1934 ஜனவரியில் பள்ளி திறந்தது. ஜூனில் ஒரு செல்வந்தர் வீட்டுத் தோட்டத்தில் 'செரனேட்'. சாய்கோவ்ஸ்கியின் தந்தியிசை.

அமைத்த விதம்தான் சுவாரசியம். முதல் நாள் வகுப்புக்கு 17 பெண்கள் வந்திருந்தார்கள், ஆகவே ஆரம்பக் காட்சிக்கு 17 பேர். இன்னொரு நாள் 9 பேர், ஒரு நாள் 6 பேர். அந்தந்தப் பகுதிக்கு அத்தனை பேர்தான். ஒருத்தி ஓடும்போது விழுந்து அழுதாள், அதுவும் நடனத்தில் சேர்ந்தது. ஒருத்தி தாமதமாக வந்தாள், அதுவும் சேர்ந்தது. தொடக்கத்தில் 17 பேரும் வலது கையை உயர்த்தி, கண்கூசும் வெளிச்சத்தை மறைப்பதுபோல் நிற்பார்கள். பாதங்கள் ஒருமித்துத் திரும்பி பாலேயின் முதல் நிலைக்கு வரும். வகுப்பில் முதல் நாள் கற்பது அதுதானே?

சோவியத்தில் என்ன நிலைமை?

ஆரம்பத்தில் துணிச்சலான சோதனைகள், பிறகு கடிவாளம். ஷோஸ்டகோவிச் இசையில் கூட்டுப் பண்ணையைப் பற்றிய 'தெளிந்த நீரோடை' 1935-இல் மேடையேறி நன்றாகவே ஓடியது. 1936 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் கட்சியின் பிராவ்தா பத்திரிகை அதை 'பாலே பொய்' என்று தாக்கியது. அமைத்த லோபுகோவுக்கு வேலை போனது. கதை எழுதியவர்களில் ஒருவரான பியோத்ரோவ்ஸ்கி கைதாகிச் சுட்டுக் கொல்லப்பட்டார். இசையமைப்பாளர் புரோகோஃபியேவ் தன் 'ரோமியோ ஜூலியட்' பாலேவுக்கு முதலில் சுப முடிவு எழுதியிருந்தார், செத்தவர்கள் படுத்தபடி ஆட முடியாதே என்று. அதன் முதல் காட்சியும் சோவியத்தில் நடக்கவில்லை. 1938 டிசம்பரில் செக்கோஸ்லோவாக்கியாவின் புர்னோவில் நடந்தது.

இங்கிலாந்து?

போலந்தில் பிறந்த மாரி ராம்பெர்ட், அயர்லாந்தில் பிறந்த நினெட் டி வால்வா என்ற இரு பெண்கள் வேரிலிருந்து கட்டினார்கள். டி வால்வாவின் 1931 குழுதான் பிறகு ராயல் பாலே ஆனது. அதுவரை ஆங்கிலேயர்கள் பாலே ஆட வேண்டுமென்றால் பெயரையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது: லிலியன் மார்க்ஸ் அலிசியா மார்க்கோவா ஆனார், ஹில்டா மன்னிங்ஸ் லிடியா சொக்கொலோவா ஆனார்.

அன்னா பாவ்லோவா சொல்லித்தான் ருக்மிணி தேவி பரதம் கற்றாராமே?

பாதி சரி. ரஷ்ய பாலே கலைஞரான பாவ்லோவா இந்தியாவுக்கு வந்து ஆடியிருக்கிறார். 1928-ஐ ஒட்டி, ருக்மிணி தேவியும் அவரும் ஆஸ்திரேலியா போகும் ஒரே கப்பலில் பயணம் செய்தார்கள். பழக்கம் வளர்ந்தது. பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பாலே கற்றார். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று பாவ்லோவா தூண்டியதும் உண்மை. 1935 டிசம்பரில் அடையாறில் ருக்மிணி மேடையேறினார், 1936-இல் கலாக்ஷேத்திரம்.

ஆனால் அவர் தேடிய கலையைக் கையில் வைத்திருந்தவர்கள் யார்? மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும். பரம்பரை பரம்பரையாகச் சதிர் (பரதத்தின் பழைய பெயர்) ஆடியவர்கள், ஆட்டுவித்தவர்கள். ரஷ்யக்காரி கப்பலில் சொன்ன ஒரு வார்த்தையைப் பெரிதாக்கும் கதைகளில் இவர்கள் பெயர் ஓரத்துக்குப் போய்விடுகிறது.

உதய் சங்கர் இதில் எங்கே வருகிறார்?

லண்டனில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தவரை பாவ்லோவாதான் மேடைக்கு இழுத்தார். 1923-இல் 'ராதா கிருஷ்ணா'வில் அவர் ராதை, இவர் கிருஷ்ணன். பிறகு பாரிஸில் 1931-இல் சொந்தக் குழு. அல்மோராவில் 1930-களின் இறுதியில் அவர் நிறுவிய மையத்துக்கு எல்ம்ஹர்ஸ்ட் குடும்பம் உதவியது. டார்டிங்டனில் யோஸுக்கு இடம் கொடுத்த அதே குடும்பம். அந்த மையத்தில் பரதம் சொல்லிக்கொடுத்தவர் பாலசரஸ்வதியின் குரு கந்தப்ப பிள்ளை.

சரி, எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது?

'செரனேட்' முதலில்; கண்ணுக்குக் குளிர்ச்சி, யாரையும் பயமுறுத்தாது. அப்புறம் 'லாமென்டேஷன்', 'சூனியக்காரி நடனம்' இரண்டையும் அடுத்தடுத்து. 'லெ நோஸ்' பார்க்கும்போது ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் கல்யாணப் பாட்டு என்று சொல்லிக்கொள்ளலாம். 'பச்சை மேசை'யைக் கடைசிக்கு வைத்துவிடுங்கள். நாங்கள் அதை முதலில் போட்ட மாதம், மற்றவற்றைப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. போட்ட டீ ஆறிப்போயிருந்தது.